மூன்று மாத முழு ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு பழவேற்காடு போன கதை

பழவேற்காடு போவது எப்படி, ஒரே நாளில் போய் வந்துவிடலாமா என்று போன பதிவின் கீழே ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த பழவேற்காடு 1983 மாசி மாதத்தில் தொடங்குகிறது. நான் பறவை பார்க்கப் போகவில்லை. ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கப் போனேன். வழியும் சொல்கிறேன், அந்தக் கதையையும் சொல்கிறேன். வழி மட்டும் போதும் என்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் வேலை. வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு டாக்டர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் சீட்டாக எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்பு. எங்கள் ஆஸ்பத்திரியில் குடிநோய்க்கு ஒரு வார்டு, மனச்சோர்வுக்கு ஒரு ஓ.பி. இரண்டுக்கும் நடுவே ஒரு முற்றம். குடியும் சோர்வும் சேர்ந்து வருகிறவர்கள் அந்த முற்றத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். இந்தப் பக்கம் "மனசு சரியில்லைன்னா அங்கே போ" என்பார்கள். அந்தப் பக்கம் "முதலில் குடியை விட்டுவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். எங்கள் இரண்டு ஃபைல்களும் ஒன்றை ஒன்று பார்த்ததே கிடையாது.

தேசப்பன் என்று ஒருவரை அந்த மாசிக்கு முந்தின கார்த்திகையில் அவர் மனைவி கன்னியம்மா கூட்டிவந்து சேர்த்தார். (இரண்டு பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், ஊரையும் சொல்லப் போவதில்லை. பழவேற்காடு டவுனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஏரியைப் பார்த்த ஒரு குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) நாற்பது வயது, ஏரியில் மீன் பிடிப்பவர். மூன்று வாரத்தில் கை நடுக்கம் நின்றது, சாப்பிட ஆரம்பித்தார். ஒரு நாள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இது குடிக்கறதுக்கு முன்னாடியே இருந்திச்சிம்மா" என்றார். ஃபைலில் எழுதிவைத்தேன். ஃபைல் முற்றத்தைத் தாண்டவில்லை. அவரும் வீட்டுக்குப் போய்விட்டார்.

மாசி முதல் வாரம் கன்னியம்மாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. யாரிடமோ சொல்லி எழுதியிருந்தார். 'அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. பேசுவதும் இல்லை. வலைகளை எல்லாம் என் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு பயமாக இருக்கிறது.' இவ்வளவுதான். வார்டின் பெரிய டாக்டரிடம் காட்டினேன். "குடிக்கலையே? அப்ப நம்ம வேலை முடிஞ்சது" என்று சிரித்தார். தொழில்காரர் தன் வலையைத் தானம் பண்ணிவிட்டார் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு அப்போது வாய் போதவில்லை. வயிற்றுவலி என்று இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

காலை 6.20க்கு சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல். பொன்னேரியில் இறங்கும்போது 7.40. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீ, இரண்டு பன். பழவேற்காடு பஸ் 8.15க்கு. பத்தொன்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் இருபது பைசா. என் பழைய நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. பயணப்படி கேட்கலாமே என்று எழுதிவைத்தேன். வயிற்றுவலிக்காரிக்கு யார் பயணப்படி தருவார்கள் என்பது திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது.

திருப்பாலைவனத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. அறுவடை முடிந்த வயல்கள், கோயில் கோபுரம், நெல் மூட்டையோடு ஏறும் ஆட்கள். அதைத் தாண்டியதும் காற்றில் உப்பு தெரிய ஆரம்பிக்கும். கண்டக்டர் என் கைப்பையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஊசி போடற டீச்சரா?" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றேன். குப்பத்தின் பேரைச் சொன்னதும் அவரே, "தேசப்பன் வூட்டுக்கா? நல்லா பாத்துக்கறாங்கம்மா அவர. ஊரே தாங்குது" என்றார். எனக்குப் பாதி பாரம் இறங்கியது. அவசரப்பட்டு இறங்கிவிட்டது என்று மத்தியானத்துக்குள் தெரிந்தது.

9.20க்குப் பழவேற்காடு. மீன் மார்க்கெட்டைத் தாண்டி, ஒரு பாய் கடையில் வழி கேட்டேன். "மணல்ல நடக்கணும், செருப்பக் கைல எடுத்துக்கோங்க" என்று சொல்லி ஒரு சோடாவும் கொடுத்தார். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், நாற்பது நிமிஷம். ஒரு பக்கம் ஏரி அசையாமல் கிடந்தது. தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன. நின்று பார்க்காமல் போனேன் என்பது இன்றைக்கும் ஒரு குறைதான்.

குப்பத்துக்குள் நுழைந்ததுமே வரவேற்பு. ஊர்க்காரியங்களைப் பார்க்கும் மன்னார் என்பவர் எதிரே வந்தார். ஐம்பது வயதிருக்கும், பெரிய தோள், சின்னக் குரல். "நீங்கதான் அந்த நர்சம்மாவா?" நர்ஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நேராகக் கோயிலுக்குக் கூட்டிப் போய், உண்டியல் பக்கத்துப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்தார். என் கையெழுத்து. 'மூன்று மாதம் முழு ஓய்வு. தொழிலுக்குப் போகக்கூடாது.' முழு ஓய்வுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

"ஒரு எழுத்து பிசகல நர்சம்மா. நீ சொன்னபடியே பண்ணிட்டோம்" என்றார் பெருமையாக.

என்ன பண்ணினார்கள் என்பது புரிய ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை வளைக்க முடியாது. மீன் கூடும் இடங்களை ஊர் பொதுவில் வைத்து, சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன நாள் இன்ன இடம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. பாடு உள்ளவர்தான் ஊரில் ஒரு ஆள். கல்யாணப் பேச்சிலிருந்து திருவிழா வரி வரைக்கும் பாடு உள்ளவரைத்தான் கேட்பார்கள். தேசப்பனின் பாட்டை ஊர் கூடி மூன்று மாதத்துக்கு மற்றவர்கள் மேல் மாற்றிவிட்டது. அவர் பங்கு மீன் மட்டும் தவறாமல் வீட்டு வாசலுக்குப் போய்விடும். அவர் கரைப்பக்கம் வந்தால் யாராவது தோளில் கை போட்டு, "நீ போய் படு, நாங்க பாத்துக்கறோம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இத்தனையும் அன்பினால். ஒரு காகிதத்தை இவ்வளவு மரியாதையாக யாரும் நடத்தி நான் பார்த்ததில்லை.

வீட்டில் கன்னியம்மா என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே தேசப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வார்டில் இருந்ததைவிட இளைத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை, பஸ் கதை எல்லாம் பேசினேன். அந்த நேரம் வாசலில் ஒரு பெண் வந்து, ஓலைக்கூடையில் கொஞ்சம் மடவையும் இறாலும் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனாள். கன்னியம்மா அதை எடுக்கவில்லை.

"யாரு செத்துட்டாங்கன்னு கேளும்மா" என்றார் தேசப்பன், சுவரைப் பார்த்தபடியே.

எனக்கு விளங்கவில்லை. கன்னியம்மா மெதுவாகச் சொன்னார். "எங்க ஊர்ல ஆம்பள போயிட்டா, அந்த வூட்டுக்கு ஒரு வருசம் பாட்டுல பங்கு குடுப்பாங்கம்மா. இப்டித்தான் வாசல்ல வெச்சிட்டுப் போவாங்க. வெக்கறவங்க பேசக்கூடாது."

தேசப்பன் எழுந்து உட்கார்ந்தார். "ஊருக்கு வேற வழி தெரியல. பாடு இல்லாதவனுக்குப் பங்கு குடுக்கணும்னா அது ஒண்ணுதான் முறை. நான் உசுரோட குந்திகினு என் சாவுப் பங்க நானே துன்றேன்."

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நோயாளியிடம் நேராகக் கேட்கக்கூடாது, கேட்டால் எண்ணத்தை ஊட்டினதாக ஆகிவிடும் என்று. நான் கேட்டுவிட்டேன். "அண்ணே, செத்துடலாம்னு தோணுதா?"

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "தோணாத நாளே இல்லம்மா. குடிச்சிகினு இருந்தப்போ பாதி நேரம் தெரியாது. இப்போ முழுசாத் தெரியுது. யாரும் கேக்கல, நீதான் கேட்ட." பிறகு அழுதார். கன்னியம்மாவும் அழுதார். நானும்தான், மறைப்பானேன். எண்ணம் ஊட்டப்படவில்லை. உள்ளே அடைத்துக் கிடந்தது கொஞ்சம் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

என்னோடு நாளைக்கு மெட்ராஸ் வாருங்கள், நானே டாக்டர் முன்னால் உட்காரவைக்கிறேன் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "இன்னாத்துக்கு? இந்தாண்ட போ, அந்தாண்ட போன்னுவாங்க. எனக்குத் தெம்பு இல்ல." கெஞ்சினேன். கன்னியம்மா கெஞ்சினார். அவர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கோயில் வாசலில் மன்னாரையும் இன்னும் நாலைந்து பெரியவர்களையும் பார்த்தேன். தேசப்பன் பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். மன்னாருக்கு முகம் வாடிவிட்டது. "அது ஆஸ்பத்திரி எழுத்தும்மா. நீ வாயால சொல்றத வெச்சி மாத்த முடியுமா? ஏரில எதனா ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" நியாயமான கேள்வி. அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

அப்போதுதான் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். டாக்டர் சொன்னது 'சில நாள் ஓய்வு, பிறகு வேலை' என்று. மூன்று மாதம் என்றும் முழு ஓய்வு என்றும் எழுதியது நான். பாவம், இளைத்துப் போயிருக்கிறாரே, நன்றாகப் படுத்து எழுந்திருக்கட்டும் என்று என் இஷ்டத்துக்கு நீட்டினேன். கோடு போட்டதும் நானே. "தப்பு என்னுடையதுங்க. ஆஸ்பத்திரி எழுத்து இல்லை அது, என் எழுத்து" என்றேன். திட்டுவார்கள் என்று நின்றேன்.

யாரும் திட்டவில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் மன்னார் சொன்னார். "குலுக்கினது குலுக்கினதுதான், அடுத்த குலுக்கல் வரிக்கும் அவன் பாட்ட எடுக்க முடியாது. ஆனா நாளைக்கு என் பாடு. என் படகுல எவன ஏத்தறேன்றது என் இஷ்டம். அதுக்கு எந்தச் சீட்டும் குறுக்க வராது."

தேசப்பனிடம் அவரே போய்க் கூப்பிட்டார். நான் வெளியே நின்றேன். பிறகு கன்னியம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "போ. ஆனா வந்ததும் நர்சம்மாகூட பஸ் ஏறணும். ஏறலன்னா நீ கொண்டாற மீன நான் தொட மாட்டேன்."

அன்று கன்னியம்மா வீட்டிலேயே தங்கினேன். காலை 5.30க்குப் படகு கிளம்பியது. நாலு பேர், அவரை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். நாலேகால் மணி நேரம் நான் கரையில் நின்றேன். அவர் எழுந்து நின்றால் எனக்கு உயிர் போய் வரும், குனிந்தால் ஒரு தடவை போய் வரும். சாகிற எண்ணம் உள்ளவரைத் தண்ணீருக்கு நடுவே அனுப்பிவைத்தது சரியா என்று எத்தனை தடவை கேட்டுக்கொண்டேனோ. இன்றைக்கும் இதைச் சரி என்று அடித்துச் சொல்லமாட்டேன். அவரை அறிந்த நாலு பேர் கூட இருந்தார்கள், அதை நம்பினேன்.

9.45க்குப் படகு திரும்பியது. கரையைத் தொடுவதற்கு முன்பே ஒரு சத்தம். தேசப்பன் மன்னாரைத் திட்டிக்கொண்டிருந்தார். "வலைய இப்டியா வளைக்கறது? பாதி மீனு அந்தாண்ட பூடுச்சி! கண்ணு தெர்லன்னா சொல்லு மன்னாரு, நான் நிக்கறேன்!" ஊர்ப் பெரியவரை அத்தனை பேர் முன்னால் இப்படிப் பேசினால் வேறொரு நாளில் பஞ்சாயத்தே கூடியிருக்கும். அன்று மன்னார் வாயெல்லாம் பல்லாக நின்று வாங்கிக்கொண்டார். கன்னியம்மா கூடையை நீட்டி, புருஷன் கையிலிருந்து மீனை வாங்கினார். 11.15 பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் நடந்தது சின்னச் சண்டை இல்லை. மனச்சோர்வு ஓ.பி.யில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். வார்டு ஃபைலை நான் மேசையில் வைத்ததும் முதலில் முறைத்தார், பிறகு படித்தார், பிறகு எழுந்து முற்றத்தைத் தாண்டி வார்டுக்குப் போனார். அந்த நடையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பெரிய டாக்டரிடம் அரை மணி நேரம் வாதாடினார். இரண்டு நோயும் ஒருவருக்குள் ஒரே நேரத்தில் இருக்கும்போது, ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்கு வா என்றால் அவர் எங்கே போவார் என்று கேட்டார். கடைசியில் தேசப்பனுக்கு மட்டும் என்று சொல்லி ஒரே ஃபைல் போட்டார்கள். மருந்தும் பேச்சும் ஒரே மேசையில், கன்னியம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வரவேண்டிய தேதியை நாங்கள் குறிக்கவில்லை. பாடு இல்லாத நாட்களை அவரையே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டோம். அடுத்த குலுக்கலில் அவர் பாடு அவருக்கே வந்தது. தேசப்பனுக்கு மட்டும் என்று தொடங்கியது இரண்டு வருஷத்தில் ஒவ்வொரு வியாழனும் இருபது பேர் உட்காரும் பெஞ்சு ஆகிவிட்டது.

இனி போகிறவர்களுக்கு. நவம்பரிலிருந்து மார்ச் வரை போங்கள். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ், வழி அன்றைக்கு இருந்ததேதான், நேரமும் கட்டணமும் விசாரித்துக்கொள்ளுங்கள். லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போக அப்போது படகுதான், இப்போது பாலம் இருக்கிறது. ஏரியில் படகு விஷயத்தில் போலீஸ்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஆசைக்குப் போய் ஏறாதீர்கள். டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். மீன் வாங்குகிறவர்கள் காலை பத்துக்குள் வாங்கிவிடுங்கள். வலை காய்ந்துகொண்டிருந்தால் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள்.

வீட்டில் குடியும் சோர்வும் சேர்ந்த ஒருவரை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள். மருந்தைப் பற்றி நான் பேசமாட்டேன், அது டாக்டர் பாடு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டரைத் தேடுங்கள், இப்போது இருக்கிறார்கள். குடியை நிறுத்திவிட்டார் என்பதற்காகக் கவனிப்பதை நிறுத்தாதீர்கள். நேராகக் கேளுங்கள். அன்பு காட்டுகிறேன் என்று அவருடைய வேலையை எல்லாம் நீங்கள் வாங்கிச் செய்துவிடாதீர்கள், நான் செய்த தப்பு அது.

தேசப்பன் அதோடு குணமாகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஏழு மாதம் நன்றாக இருந்தார். ஐப்பசி மழையில் ஏரிக்குப் போகமுடியாமல் பல நாள் உட்கார்ந்திருந்தபோது பழைய இருட்டு திரும்பியது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஓ.பி. வாசலில் வாட்ச்மேன் யாரையோ தடுக்கும் சத்தம் கேட்டுப் போனேன். குடித்துவிட்டு வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது என்பது அன்றைக்கு விதி. தேசப்பன் நனைந்து நின்றார். வாயில் சாராய நெடி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அந்த நிலையில் மணலில் நடந்து, பஸ் ஏறி, பொன்னேரியில் ரயில் மாறி, தன்னந்தனியாக வந்திருக்கிறார்.

"குடிச்சிட்டுத்தான் வந்துகீறேம்மா" என்றார். தலை குனிந்திருந்தது. "அந்த நெனப்பு மறுபடி வந்திச்சி. செத்துடலாம்னுதான் கெளம்பினேன். கால் இந்தாண்ட வந்துடுச்சி."

என் பின்னால் இளம் டாக்டர் எழுந்து வந்து நின்றிருந்தார். வாட்ச்மேன் அவரைப் பார்த்தார். டாக்டர் தன் நாற்காலியைத் தானே தூக்கிவந்து வாசலில் போட்டார்.

"உக்காருங்க தேசப்பன்" என்றார். "நல்லவேளை வந்தீங்க."